குண்டன் சாப்பிட்டானா?

அம்மாவுக்குப் பொறாமை புதிதல்ல. கல்யாணமான புதிதில் நாத்தனாரின் சுருட்டை முடிமேல் இருந்தது. பிறகு பால்கனி வைத்த வீடு வாங்கிய தோழிமேல் கொஞ்ச காலம் இருந்தது. அதெல்லாம் ஜுரம் மாதிரி வந்து, தானாகவே இறங்கிவிட்டது. ஆனால் பல் ஆஸ்பத்திரியின் வரவேற்பு மேஜையில் உட்கார்ந்து ஊரார் பல்வலிக்கெல்லாம் நேரம் ஒதுக்கிக் கொடுக்கிற ஒருத்தி, ஒரு கண்ணாடி பாட்டிலைப் பார்த்து வயிறெரிவாள் என்று யாராவது சொல்லியிருந்தால், அவளே வாய்விட்டுச் சிரித்திருப்பாள்.

பாட்டிலுக்குள் இருந்தது புளித்த மாவு. மைதாவும் தண்ணீரும், அவ்வளவுதான். தினமும் கொஞ்சம் மாவு போட்டால் குமிழி விட்டுப் பொங்கும். அதில் ஒரு பங்கு எடுத்துப் பிசைந்தால் ஈஸ்ட் இல்லாமலே பிரெட் உப்பி வரும். அதற்குப் பெயர் குண்டன்.

பெயர் வைத்தவன் அவள் பெற்ற ஒரே பிள்ளை. கல்லூரியில் இரண்டாம் வருஷம். செமஸ்டர் லீவில் யாரோ எதையோ சுட்டெடுக்கிற வீடியோவைப் பார்த்துவிட்டுச் சமையலறைக்குள் நுழைந்தவன், லீவு முடிந்தும் வெளியே வரவில்லை. முதல் கேக்கை அப்பா விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். "எதிர் எடைக்கு இரும்பு தேடிட்டிருக்கோம். இது போதுமான்னு ஆபீஸ்ல கேட்டுப் பாக்கட்டுமாடா?" என்றார். அடுத்து வந்த பீட்சா மேலே கரி, கீழே பச்சை மாவு.

அதெல்லாம் அம்மாவுக்கு நல்ல நாட்கள். ஒவ்வொரு முறையும், "அம்மா, இங்க வாயேன்! இது ஏன் இப்படி ஆச்சு?" என்று ஒரு குரல் வரும். ஈரக் கையோடு போவாள். "உனக்கெல்லாம் எதுக்குடா இந்த வேலை" என்று நாலு திட்டு திட்டுவாள். என்ன செய்திருக்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பாள். அடிப்பிடித்த தட்டைத் தேய்க்கும்போது முணுமுணுப்பாள், ஆனால் மனசுக்குள் ஒரு குளுமை இருக்கும்.

பிறகு குண்டன் வந்தான். பிரெட் வந்தது. மேலே தங்க நிறத்தில் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சாக. கூப்பிடுகிற குரல் நின்றது.

அப்பா ஒரு துண்டை வெண்ணெய் தடவிக் கடித்தார். கண்ணை மூடினார். "பிரமாதம்டா!" என்றார்.

அம்மா கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவள் சமைத்துப் போட்டதற்கெல்லாம் அந்த மனுஷன் வாயிலிருந்து வந்தது 'ம்' ஒன்றுதான். நன்றாக இருந்தால் 'ம்'. உப்பு கூடினாலும் 'ம்'. 'பிரமாதம்' என்ற வார்த்தை அவருக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றுதான் தெரியும்.

போதாக்குறைக்குக் கீழ்வீட்டு அக்கா வேறு படியேறி வந்துவிட்டாள். வீட்டிலேயே துணி தைத்துக் கொடுப்பவள். கழுத்தில் எப்போதும் அளவு டேப் தொங்கும். "வாசனை படியிறங்கி வந்து என் கையப் புடிச்சு இழுத்துட்டு வந்துச்சுடி. நீயும் இத்தனை வருஷம் சமைக்கற, ஒரு நாளாவது இப்படி வந்திருக்கா?" என்று சிரித்தாள்.

"என் சமையலுக்கு அடக்கம் ஜாஸ்திக்கா. மத்தவங்க வீட்டுக்குள்ள நுழையாது," என்றாள் அம்மா.

கல்லூரியில் சுற்றுப்பயணம் அறிவித்தார்கள். ஒரு வாரம். கிளம்புகிற அன்று பையன் பெட்டியைக்கூட மூடவில்லை. அம்மாவைச் சமையலறைக்கு இழுத்துப் போனான். அவள் உப்பு டப்பாவை வைத்திருந்த இடத்தில்தான் இப்போது குண்டன் குடியிருந்தான்.

"தினமும் காலைல பாதிய எடுத்துத் தூரப் போட்டுடு. மீதியில அதே அளவு மைதா, அதே அளவு தண்ணி. வெதுவெதுப்பா. சூடா ஊத்திடாத, செத்துடும்."

"பாதிய தூரப் போடறதா? மாவு என்ன மரத்துலயா காய்க்குது?"

"அம்மா, ப்ளீஸ். குழந்தை மாதிரி பாத்துக்கோ."

குழந்தை! அம்மாவுக்குச் சுருக்கென்றது. வாசலில் நின்று இவள் கையாட்ட, அவன் தெருமுனை திரும்பும் முன்பு கத்தினான்: "மறந்துடாதம்மா, குண்டன்!"

அன்று சாயங்காலம் போன் வந்தது. ஆசையாக எடுத்தாள்.

"அம்மா, குண்டன் சாப்பிட்டானா?"

"சாப்பிட்டான்."

"குமிழி வந்துச்சா?"

"வந்துச்சு."

"சூப்பர்மா. வெச்சிடறேன், பஸ் கிளம்புது."

அடுத்த கேள்விக்காக அவள் போனைக் காதிலேயே வைத்திருந்தாள். மறுநாளும் இதே கேள்வி, இதே பஸ். நீ சாப்பிட்டாயா, கால்வலி எப்படி இருக்கிறது, அப்பா திட்டினாரா, ஒன்றும் கிடையாது. எல்லா விசாரிப்பும் பாட்டிலுக்கு.

ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் பெண்ணிடம் கொட்டித் தீர்த்தாள். அந்தப் பெண் சிரித்ததில் புரையேறிவிட்டது.

"பாட்டில் மேல பொறாமையாக்கா? நாளைக்கு மருமக வந்தா என்ன பண்ணுவீங்க?"

"மருமகளாவது கால் வெச்சு நடப்பா. இது உக்காந்த இடத்துல உக்காந்துக்கிட்டு என் புள்ளைய ஆட்டி வைக்குது."

மறுநாள் காலை மைதா டப்பாவைத் திறந்தாள். குண்டனைப் பார்த்தாள். குண்டன் நன்றாகத் தின்று கொழுத்து, மூடியை முட்டிக்கொண்டு இருந்தான். டப்பாவை மூடிவிட்டாள்.

"ஒரு நாள் பட்டினி கிட. ஒண்ணும் குறைஞ்சுட மாட்டே," என்றாள்.

ஒரு நாள் இரண்டானது, இரண்டு மூன்றானது. சாயங்காலம் போனில், "சாப்பிட்டானா?" "வயிறு முட்ட சாப்பிட்டான்." பொய் சொல்லச் சொல்ல நாக்குப் பழகிவிட்டது. ஒரு நாள் பையன் வீடியோவில் கூப்பிட்டு, "காட்டேன், பாக்கணும்" என்றான். "இரு, வெளிச்சம் இல்ல" என்று திரும்பி நின்று, ஸ்பூனை விட்டு வேகமாகக் கலக்கி, நுரை எழுப்பி, பாட்டிலைத் தூரத்தில் பிடித்துக் காட்டினாள்.

"கொஞ்சம் இளைச்சிட்டான் போலயே?"

"உன்ன நெனச்சு ஏங்குறான்," என்று அழைப்பை வெட்டினாள்.

வியாழக்கிழமை மூடியைத் திறந்தால் நகப்பாலிஷ் அழிக்கிற திரவம் மாதிரி ஒரு நெடி. மேலே சாம்பல் நிறத்தில் தண்ணீர் தேங்கி நின்றது. கீழே மாவு பசைபோல ஒட்டிக் கிடந்தது. ஒரு குமிழி இல்லை. அம்மாவுக்கு உள்ளூர ஒரு திருப்தி. ஜெயித்துவிட்டாள்.

அன்று சாயங்காலம் பையன் குரலில் துள்ளல். "அம்மா, பஸ் முழுக்கச் சொல்லிட்டேன். திங்கக்கிழமை மொத்த வகுப்புக்கும் நம்ம வீட்டு பிரெட்! சனிக்கிழமை வந்ததும் வேலைய ஆரம்பிக்கணும். குண்டன நம்பித்தான் இருக்கேன்."

திருப்தி அப்படியே வடிந்தது. வந்து பாட்டிலைத் திறந்தால் குட்டு உடையும். பிள்ளை வகுப்பு முன்னால் தலைகுனிந்து நிற்பான். அதைவிட, அம்மா பொய் சொன்னாள் என்று தெரிந்துவிடும். யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள்: கைதவறி பாட்டில் உடைந்துவிட்டது. விபத்துக்கு யார் என்ன செய்ய முடியும்?

பாட்டிலோடு தொட்டியருகே போய்க் குழாயைத் திறந்த நேரம், கீழ்வீட்டு அக்கா ரவிக்கை அளவெடுக்க உள்ளே வந்தாள். கண் நேராகப் பாட்டிலுக்குப் போனது.

"அடியே! என்னடி இது, குண்டன் இப்படி முகம் செத்துக் கிடக்கான்?"

"உடம்பு சரியில்ல."

"கவலைப்படாத, என்கிட்ட ஒருத்தன் இருக்கான். நல்லா கொழுகொழுன்னு. மூடியத் தள்ளிட்டு நிக்கறான்."

"உங்ககிட்ட எப்படி?"

"உன் பையன்தான் போகும்போது கிண்ணத்துல ஒரு பங்கு குடுத்துட்டுப் போனான். 'அம்மாவுக்கு வேலை ஜாஸ்தி, மறந்துட்டா இது இருக்கட்டும் பெரியம்மா'ன்னான். தினம் போன் வேற பண்றான். தங்கமான புள்ள."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பெரியம்மா! தினம் போன்!

"உங்கள என்ன கேக்கறான்?" என்றாள் அம்மா, குரலை எவ்வளவோ சாதாரணமாக வைத்துக்கொண்டு.

"எல்லாம்தான். தையல் மெஷின் சரியாச்சா, கண்ணாடி மாத்துனீங்களான்னு."

அம்மாவுக்குக் காதில் புகை வராத குறை. பாட்டில் மேலிருந்த ஆத்திரம் முழுவதும் ஒரு நொடியில் வீடு மாறி, கழுத்தில் டேப் தொங்கவிட்டிருந்த ஆளின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

"என்னோடதுல பாதி தர்றேன், அந்தப் பாட்டில்ல போட்டுக்கோ. அவனுக்குத் தெரியவே வேண்டாம்," என்றாள் அக்கா நல்ல மனசோடு.

"வேண்டாங்க்கா. எங்க வீட்டுக் குண்டன நாங்களே பாத்துக்கறோம்."

குழாயை மூடினாள். அளவெடுக்கும்போது கையைத் தூக்கச் சொன்னதுகூட அவள் காதில் விழவில்லை.

அக்கா படியிறங்கியதும் வேலை ஆரம்பமானது. சாம்பல் தண்ணீரை வடித்தாள். அடியிலிருந்து ஒரு ஸ்பூன் மட்டும் எடுத்து, கழுவிய பாட்டிலில் புது மைதா, வெதுவெதுப்பான தண்ணீர். "சாப்பிடு," என்றாள். அசையவில்லை. வெள்ளிக்கிழமை காலை மறுபடி ஊட்டி, சாப்பாட்டுப் பையில் நிமிர்த்தி வைத்து ஆஸ்பத்திரிக்கே எடுத்துப் போய்விட்டாள். அங்கே பல் பிடுங்குகிற கருவிகளை ஆவியில் சுத்தம் செய்யும் பெட்டி ஒன்று உண்டு. அதற்குப் பக்கத்து அலமாரித் தட்டு எப்போதும் இளஞ்சூடாக இருக்கும். குண்டன் அதன்மேல் ஏறினான்.

டாக்டர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "என்னம்மா இது, பல் அளவெடுக்கற மாவா?"

"இல்ல டாக்டர், நம்ம வீட்டுப் பையன். கொஞ்சம் நோஞ்சானா இருக்கான், தேத்தறேன்."

நர்ஸ் பெண் ஓரமாக நின்று சிரித்தாள். "அன்னிக்கு ஆட்டி வைக்குதுன்னீங்க?"

"அன்னிக்கு எனக்கு எதிரி யாருன்னு சரியாத் தெரியலடி."

சாயங்காலம் பார்த்தால் ஓரத்தில் இரண்டு மூன்று குமிழி. அம்மா பஸ்ஸில் வழியெல்லாம் பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை பையன் வந்தான். நேராக வரவில்லை. கீழ்வீட்டில் நுழைந்து, கிண்ணத்தையும் அக்காவையும் சேர்த்தே கூட்டிக்கொண்டு படியேறினான். அலமாரியில் குண்டன் பாதி பாட்டில்வரை எழுந்து நிற்பதைப் பார்த்ததும், "அட, ரெண்டும் உயிரோட இருக்கே!" என்றான்.

"ஏன், இருக்காதுன்னு நெனச்சியா?" என்றாள் அம்மா.

பையன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்தான். "எது மிதக்குதோ அதுல பிரெட் போடலாம்." அக்காவின் கிண்ணத்திலிருந்து ஒரு சிட்டிகை கிள்ளிப் போட்டான். படகுபோல மிதந்தது. அக்கா டேப்பைச் சரிசெய்துகொண்டாள். பாட்டிலிலிருந்து ஒரு சிட்டிகை. அது தயங்கியது. ஒரு கணம் மேலே நின்றது. பிறகு நிதானமாக அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"அதுக்கு அசதிடா!" அம்மா பதறிவிட்டாள். "முந்தாநாள்தானே சாப்பிடவே ஆரம்பிச்சிருக்கு!"

பையன் டம்ளரிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

"முந்தாநாளா? அதுக்கு முன்னாடி?"

அக்கா, "அடுப்புல பால் வெச்சுட்டு வந்துட்டேன்" என்று அவசரமாக இறங்கிப் போனாள்.

"பட்டினி போட்டேன்," என்றாள் அம்மா. சொன்னதும் வேகம் வந்துவிட்டது. "ஆமா, போட்டேன். தினம் போன் பண்ணியே, ஒரு வார்த்தை என்னைப் பத்திக் கேட்டியா? கீழ்வீட்டுத் தையல் மெஷின விசாரிக்கத் தெரியுது. அவங்க கண்ணாடிய விசாரிக்கத் தெரியுது."

பையன் அவளையே பார்த்தான். "அவங்ககிட்ட உதவி கேட்டிருக்கேன்மா. சும்மா 'மாவு எப்படி'ன்னு மட்டும் கேட்டா நல்லாவா இருக்கும்? உன்கிட்ட அந்த மரியாதையெல்லாம் எதுக்கு?"

"ஓஹோ. மரியாதை வெளியாளுக்கு. வீட்டு ஆளுக்கு பஸ் கிளம்புது."

பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டான். "நீ அதைப் பாக்கற பார்வையே சரியில்லன்னு எனக்கு முன்னாடியே தெரியும். உன்கிட்ட விட்டுட்டுப் போறது ஆபத்து. விடாம போனா, அதுக்கும் கோச்சுப்பே. நான் என்னதான் பண்றது, அதான் கீழ ஒரு பங்கு."

அம்மா மாவு மூழ்கிய டம்ளரை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தாள். தன்னை இந்த அளவுக்கு அளந்து வைத்திருக்கிறானே என்று கோபம் வந்தது. அந்தக் கோபத்துக்கு அடியில் எங்கோ கொஞ்சம் இதமாகவும் இருந்தது. அதை அவனிடம் காட்டிக்கொள்ளவில்லை.

வகுப்புக்கான பிரெட்டை அவன் கிண்ணத்து மாவில்தான் பிசைந்தான். வேறு வழியில்லை. அம்மா அந்தப் பக்கமே திரும்பாமல், மேஜையின் மறுகோடியில் தன் பாட்டிலைக் கவிழ்த்தாள். பிரெட்டைத் தூக்குகிற தெம்பு இல்லாவிட்டால் என்ன? பிஸ்கட் மாதிரி தட்டையாகச் செய்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அடுத்த வேளைக்கு ஒரு ஸ்பூன் மட்டும் பாட்டிலில் ஒதுக்கினாள். மீதியில் வெண்ணெய், உப்பு, இன்னும் மாவு. அலமாரியிலிருந்து ஏதோ இரண்டு டப்பாவை எடுத்து, முதுகைத் திருப்பிக்கொண்டு கிள்ளிப் போட்டாள். கண்ணாடித்தாள் மாதிரி மெலிதாகத் தேய்த்து, கத்தியால் கீறி, பிரெட் வெளியே வந்த சூட்டிலேயே ஓவனுக்குள் தள்ளினாள்.

வெளியே வந்ததில் யாரையும் கேட்காமல் பையன் ஒன்று எடுத்துக் கடித்தான். உடைகிற சத்தம் ஹாலில் இருந்த அப்பாவை எழுப்பிக் கூட்டிவந்தது. பையன் இன்னொன்று எடுத்தான். மூன்றாவதைக் கடிக்கவில்லை, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, இதுல என்ன போட்டே?"

"ஏதோ போட்டேன்."

"மிளகு தெரியுது. இன்னொண்ணு என்ன? சொல்லேன்மா. திங்கக்கிழமை இதையும் எடுத்துட்டுப் போறேன். எப்படிச் செஞ்சதுன்னு கேப்பாங்க."

"கேட்டா எங்கம்மாவுக்குத்தான் தெரியும்னு சொல்லு."

"எனக்காவது சொல்லு!"

"ஒரு வாரம் யோசிச்சு சொல்றேன்."

கீழேயிருந்து குரல் வந்தது: "என்னடி வாசனை அது, புதுசா இருக்கு?"

பையன் ஒரு தட்டை எடுத்துக் கைநிறைய அள்ளப் போனான். அம்மா அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். "அவ்வளவு எதுக்கு? உடைஞ்சதாப் பாத்து ரெண்டு எடுத்துட்டுப் போ."