கையில் இருந்த வயர்

தங்கச்சாமி அன்றைக்கு லோடு ஏற்றப் போகவில்லை. வயிற்றுவலி என்று கம்பெனிக்கு ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு, எம். புதுப்பட்டியில் தன் வீட்டு நடுக்கூடத்தில் வயர்களுக்கு நடுவே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். விருதுநகரில் ஒரு மண்டிக்காரர் புது மாடல் வாங்கிவிட்டு, பழைய செட்டை இவனிடம் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார். ஒரு ரிசீவர், ஒரு சிடி பிளேயர், இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர், ஆட்டுக்கல் கனத்தில் ஒரு சப்வூபர் பெட்டி. சும்மா வந்ததை விடுகிற ஆளா இவன்?

எல்லாம் முருகேஸ்வரிக்காகத்தான். அவன் மனைவிக்குப் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்துகிற வேலை. போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பாட்டென்றால் உயிரை விடுகிறவள், பகல் முழுக்க ஒரு பாட்டில்லாமல் அந்த அறைக்குள் உட்கார்ந்திருப்பாள். நாலு மணிக்கு அவள் வாசலில் கால் வைக்கும்போது வீடே பாட வேண்டும். இவன் ஆசை அவ்வளவுதான். அவளோ காலையில் கிளம்பும்போதே கேலி செய்தாள். “பல்பு மாட்டவே பாதி நாளு ஆக்குவீக. இத மாட்டி முடிக்கையில நான் கெழவி ஆயிருவேன்.”

ரிசீவரின் முதுகைத் திருப்பினால் தேன்கூடு மாதிரி அத்தனை ஓட்டை. போனில் வீடியோவை மூன்று தடவை பார்த்தும் தலை சுற்றியது. சிடி பிளேயரின் வெள்ளைப் பின்னையும் சிவப்புப் பின்னையும் அந்தந்த நிறத்தில் செருகினான். சப்வூபருக்கு ஒரே ஒரு வயர்தான், அதுதான் சுலபம் என்று அதையே முதலில் மாட்டினான். மண்டிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் வால்யூமைக் கடைசிவரை திருகி வைத்திருந்ததை இந்தப் புத்திசாலி கவனிக்கவில்லை.

சிடியில் முதல் பாட்டே மேளத்தோடு ஆரம்பம். ‘தொம்’ என்று ஒரே அடி. பரணில் இருந்த பாத்திரமெல்லாம் கலகலத்தது. அடிவயிற்றில் ஏறிய அந்த அதிர்வில் தங்கச்சாமி சொக்கிப்போனான். அதுவும் ஒரு நொடிதான். பதறிப்போய் ரிசீவரை அணைத்துவிட்டு எட்டிப் பார்த்தால், தெருவே வாசலில் நின்றது.

அந்த ஊரில் அப்படி ஒரு சத்தத்துக்கு ஒரே அர்த்தம்தான். பாதிப் பேர் கிழக்கே கம்பெனிப் பக்கம் புகை தெரிகிறதா என்று பார்த்தார்கள். மீதிப் பேர் இவன் வீட்டைப் பார்த்தார்கள். வீட்டுக்குள் திருட்டுத்தனமாகப் பட்டாசுச் சரம் சுற்றி வெடித்துப்போன கதையும் அந்தப் பக்கம் உண்டு. எதிர்வீட்டுக்காரன், ஊர்க்காவலன் என்று பெயர், லாரியிலிருந்து விழுந்து காலில் மாவுக்கட்டோடு கிடந்தவன், ஒற்றைக்காலில் வாசலில் நின்றான். காதில் போன்.

தங்கச்சாமி முழுசாக நிற்பதைப் பார்த்ததும் அவன் பயமெல்லாம் வசவாகக் கொட்டியது. “ஏலே கூறுகெட்டவனே! உன் வீடுதான் போயிருச்சுன்னு ஈரக்கொலையே நடுங்கிருச்சுலே. நம்ம ரெண்டு பேரு பொண்டாட்டியும் அங்கன மருந்தோட கெடக்காளுக, உனக்கு இங்கன மேளம் கேக்குதோ?”

“தப்புதாண்ணே, தெரியாமப் பண்ணிட்டேன்” என்று தங்கச்சாமி எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டான். ஊர்க்காவலன் இன்னும் என்னவோ சொல்ல வாயெடுத்தான். கையிலிருந்த போனைப் பார்த்தான். மறுபடி ஒரு நம்பரை அடித்து, யாரும் எடுக்காததால் பையில் போட்டுக்கொண்டான். தங்கச்சாமி அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

உள்ளே வந்ததும் முதல் வேலையாகச் சப்வூபர் வயரைப் பிடுங்கிப் போட்டான். பிறகு நிதானமாக, ஸ்பீக்கர் வயர்களின் முனையைச் சீவி, செம்பு இழைகளை முறுக்கி, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று திருகினான். வால்யூமை நன்றாகக் குறைத்து வைத்துப் போட்டால், இரண்டு ஸ்பீக்கரும் பதவிசாகப் பாடின. முருகேஸ்வரியை அப்போதே கூப்பிட்டுக் காட்ட வேண்டும்போல இருந்தது.

இனி அந்தப் பெட்டி ஒன்றுதான் பாக்கி. வயரை எடுத்துக்கொண்டு, பெட்டியின் பின்னால் குனிந்து ஓட்டையைத் தேடினான்.

‘தொம்’ என்றது. பாத்திரங்கள் கலகலத்தன.

“ஏலே, இன்னும் அடங்கலையாலே நீ?” என்று எதிர்வீட்டிலிருந்து ஊர்க்காவலன் கத்தினான். தெருவில் யாரோ சிரித்தார்கள். ஒருத்தரும் வெளியே வரவில்லை.

தங்கச்சாமிக்கும் சிரிப்பு வந்தது. “இந்தா, கொறைச்சுட்டேண்ணே!” என்று குரல் கொடுத்துக்கொண்டே வால்யூமில் கை வைத்தான். அது குறைந்துதான் இருந்தது. பாட்டும் மெதுவாகத்தான் ஓடியது. இன்னொரு கையைப் பார்த்தான். வயர் கையில் இருந்தது.

பிடித்த வயரோடு வாசலுக்குப் பாய்ந்தான்.

“என் பொட்டி இல்லண்ணே! இது என் பொட்டி இல்ல!” என்று கத்திக்கொண்டு தெருவுக்கு ஓடினான். “போலே, போக்கத்தவனே” என்றான் ஊர்க்காவலன். தன்னால்தான் ஒருத்தரும் அசையவில்லை என்பது தங்கச்சாமிக்கு உறைத்தது. நின்று விளக்க நேரமில்லை. செருப்பில்லாமல் கிழக்கே ஓடினான். தெருமுனை தாண்டியதும் புகை தெரிந்தது. பனை உயரத்துக்கு வெள்ளையாக எழுந்து நின்றது. அவளை மட்டும் விட்டுவிடு, இந்தச் செட்டை உடைத்து உன் வாசலிலேயே போடுகிறேன் என்று தெரிந்த சாமியிடமெல்லாம் பேரம் பேசிக்கொண்டே ஓடினான்.

பாதி வழியில், கருவேல மரங்களுக்கு நடுவே ரோட்டில், ஒருத்தி புகையைப் பார்த்தபடி அசையாமல் நின்றாள். முழங்கை வரைக்கும் மருந்துப்பொடி வெள்ளியாக மின்னியது.

“முருகேசு!”

அவள் திரும்பினாள். அவன் முகத்தையும் தோளையும் தடவித் தடவிப் பார்த்தாள். “உங்களுக்கு ஒண்ணுமில்லையா? வீடு வெடிச்சிருச்சுன்னு ஊர்க்காவலண்ணன் கேட்டுக்குப் போன் போட்டாகளாம். வாட்ச்மேன் ஓடியாந்து சொன்னாரு.”

தங்கச்சாமி நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதான். வாழ்நாளில் அப்படி ஒரு சந்தோஷத்தை அவன் கண்டதில்லை. அவள் அழவில்லை.

“பொக வர்ற எடத்தப் பாருங்க, வெடிச்சது எங்க ரூமுதாங்க” என்றாள். “சீசன் ஆர்டரு, எடம் காலியாக் கெடக்கக் கூடாதுன்னு போர்மேன் என்னைய விடல. பேக்கிங்ல இருந்து அருணாதேவி வந்துச்சு. நான் உக்காந்துக்கிறேன், நீ ஓடுக்கான்னுச்சு.”

அருணாதேவி ஊர்க்காவலனின் மனைவி.

ஊர் இப்போதுதான் புகையைக் கண்டு அவர்களைத் தாண்டி ஓடியது. ஓட முடியாத ஒருத்தன் மட்டும் தெருவில் இருப்பான். அவனிடம் யாராவது சொல்ல வேண்டும். இருவரும் திரும்பி நடந்தார்கள்.

ஊர்க்காவலன் வாசலில் சுவரைப் பிடித்து நின்றான். முருகேஸ்வரியைக் கண்டதும் அவனுக்கு உயிர் வந்தது. “வந்துட்டியா தாயி! பாத்தியாலே, நான் பதறிப்போய்ப் போன் போட்டதும் நல்லதாப் போச்சு. இல்லாட்டி இவளும் அங்கனல்ல இருந்திருப்பா? அருணாவுக்குப் பயமில்ல. பேக்கிங் ரூமு எம்புட்டோ தள்ளித்தான இருக்கு.”

முருகேஸ்வரி அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வீட்டுக்குள் இரண்டு ஸ்பீக்கரும் பாடிக்கொண்டிருந்தன. அந்த வயர் இன்னும் தங்கச்சாமி கையில்தான் இருந்தது.

“என்னலே, பேசாம நிக்க?” என்றான் ஊர்க்காவலன்.