திரைக்குப் பின்னால் ஒரு பட்டன்

குடியிருப்புச் சங்கத் தலைவருக்கு அன்று மாலை இரண்டு காரியங்கள். முதலில் புதுத் தண்ணீர் மோட்டாரைத் தொடங்கி வைப்பது; அந்தக் கைதட்டலின் சூடு ஆறுவதற்குள் தேர்தலை நடத்தி மறுபடியும் தானே தலைவராவது. மோட்டார் முரண்டு பிடித்தால் நாற்காலி கைநழுவிவிடும்.

பழைய சுவிட்சு அவருக்கு ஆகாது. தட்டிப் போடும் சுவிட்சில் தலைவருக்கு என்ன கௌரவம்? காலிங்பெல் மாதிரி தொட்டு விட்டால் போதும் என்று புஷ் பட்டன் வைக்கச் சொன்னார்.

"ஒரு தடவை அமுக்குனா உள்ள இருக்கற ரிலே மோட்டாரைப் போடும். மறு தடவை அமுக்குனா நிறுத்திடும் சார்," என்றார் எலக்ட்ரீஷியன். தலைவர் அப்போது தன் உரையில் 'தொலைநோக்கு' என்ற சொல்லை எங்கே நுழைப்பது என்ற யோசனையில் இருந்தார். முதல் பாதிதான் காதில் ஏறியது.

கூடவே, மூன்றாம் மாடியிலிருந்த தன் வீட்டுச் சமையலறையில், திரைக்குப் பின்னால் ரகசியமாக அதே மோட்டாருக்கு இன்னொரு பட்டன். தலைவர் வீட்டில் நினைத்த நேரத்தில் தண்ணீர் வர வேண்டாமா?

விழா நேரம் நெருங்கியதும் தலைவர் மனைவியைக் கூப்பிட்டார்.

"கீழ இருக்கற பட்டன் காலை வாரிடுச்சுன்னா என் மானமே போயிடும். ஜன்னல்லருந்து பாரு. நான் கையைத் தூக்குனதும் நீயும் ஒரு அமுக்கு அமுக்கிடு."

"ரெண்டு பேரும் அமுக்குனா ஏதாவது ஆயிடாதே?"

"டபுள் பாதுகாப்பு! உனக்குப் புரியாது."

முற்றத்தில் காலி வாளிகளோடு கூட்டம். தலைவர் உரையாற்றினார், வலக்கையை வானத்துக்கு உயர்த்தினார், பிறகு அதே கையால் பட்டனை அழுத்தினார். மோட்டார் 'ர்ர்' என்று ஒரு தும்மல் போட்டு அடங்கியது. மறுபடி கையைத் தூக்கினார், அழுத்தினார். மறுபடி தும்மல்.

"தலைவரே, தண்ணி வருமா, இல்ல சத்தத்தைப் பிடிச்சு வச்சுக்கணுமா?" என்றார் எந்தக் கூட்டத்திலும் சும்மா இருக்காத கேள்வி மாமா.

மூன்றாம் தும்மலில் மேலே ஜன்னல் திறந்தது.

"என்னங்க! நான் போடறேன், நீங்க நிறுத்தறீங்க! கையை எடுங்க முதல்ல!"

எல்லாத் தலைகளும் அண்ணாந்தன.

"மேல எங்கம்மா பட்டன்?" என்றது கூட்டம்.

"சமையலறையில, திரைக்குப் பின்னாடி. வெளிய சொல்லக் கூடாதுன்னார்."

முற்றமே குலுங்கிச் சிரித்தது. அந்தம்மா ஒரே ஒரு முறை அழுத்தினார். மோட்டார் சீராக ஓட, வாளியில் தண்ணீர் விழுந்தது.

"தொட்டி வழிஞ்சா இங்கருந்து தெரியும். நானே நிறுத்திடறேன்!"

"பேசாம இந்தம்மாவையே தலைவரா போட்டுடலாமே?" என்றார் கேள்வி மாமா. கைகள் மளமளவென்று உயர்ந்தன. தலைவரும் வேறு வழியில்லாமல், அசட்டுச் சிரிப்போடு கையைத் தூக்கினார்.

அந்தக் கையைப் பார்த்ததும் மேலே பழக்கதோஷத்தில் ஓர் அமுக்கு. மோட்டார் நின்றது.

"கையை இறக்குங்க தலைவரே!" என்று கூட்டம் கத்தியது.

"முன்னாள் தலைவரே," என்று திருத்தினார் கேள்வி மாமா.