நரைக்காத மூத்தவர்

ஏதென்ஸில் இறையியல் படித்துவிட்டு அனெஸ்திஸ் எங்கள் தீவுக்குத் திரும்பியபோது, அவனிடம் முழுசாக வளர்ந்திருந்தது தாடி மட்டும்தான். வயது முப்பத்தொன்று. துணைக்குருவாக இருந்தவனைக் குருவாக்க ஞாயிறன்று ஆயர் படகில் வருவதாக ஏற்பாடு. சனிக்கிழமை என் காப்பிக்கடையில் உட்கார்ந்து எங்களுக்கே பாடம் எடுத்தான்.

"குருவுக்குப் பழைய பேரு என்ன தெரியுமா, அத்தை? பிரெஸ்விதெரோஸ்."

"அது தெரியாமலா அறுபது வருஷமா கோயிலுக்குப் போறேன்?"

"அர்த்தம் தெரியாதுல்ல? மூத்தவர். அந்தக் காலத்துல நரைச்ச தலைங்க கூடி உக்காந்து ஊருக்கு நியாயம் சொல்லும். யூதர் ஜெபக்கூடத்துலயும் அப்படித்தான். அந்தப் பேரைத்தான் சபை எடுத்துக்கிச்சு. நாளையிலருந்து உங்க எல்லாருக்கும் நான்தான் மூத்தவன்."

மீன்காரன் ஸ்த்ராத்திஸ் கோப்பையைக் கீழே வைத்தான். "உங்கப்பனுக்குமா? வந்து மூணு வாரமாச்சு, மலையேறி அந்த ஆளை ஒரு எட்டு பாத்தியா?"

"வேலை இருக்கு."

ஒலிவத் தோப்பை விற்று இவனைப் படிக்கவைத்த பொலிக்ரோனிஸுக்கு எண்பத்திரண்டு வயது. மலைமேல் நாலு ஆடுகளோடு தனியாகக் கிடக்கிறார்.

"இருக்கட்டும். நாளைக்கு நாங்க வாயைத் தொறக்கணும்ல" என்றான் ஸ்த்ராத்திஸ்.

எங்கள் வழக்கம் அப்படி. ஆயர் புதுக்குருவுக்குப் போடப்போகிற உடையை உயர்த்தி "ஆக்சியோஸ்", அதாவது தகுந்தவன், என்பார். ஊரும் திருப்பிக் கூவ வேண்டும். ஊர் கூவாத ஆளை எந்த ஆயரும் எங்களிடம் விட்டுப்போனதில்லை.

ஞாயிறன்று ஆயர் கூவினார். யாரோ இருமினார்கள், அவ்வளவுதான். அனெஸ்திஸின் காது சிவந்தது. எனக்கு உள்ளூரக் குளுகுளுவென்று இருந்தது. ஆயர் மறுபடி கூவினார். உடையைப் பிடித்திருந்த கை மெல்ல இறங்கியது.

"ஆக்சியோஸ்."

வாசலருகே ஒரு கிழக்குரல். கோலூன்றி மலையிறங்கி வந்திருந்தார் பொலிக்ரோனிஸ். மூச்சு வாங்க இன்னொரு தடவையும் சொன்னார். அந்த மனிதரை ஒற்றையாகக் கத்தவிட யாருக்கு மனசு வரும்? முதலில் ஸ்த்ராத்திஸ் துப்புவதுபோலக் கூவினான். பிறகு எல்லோரும். நானும்தான்.

பூசை முடிந்து புதுக்குருவின் கையை முத்தமிட வரிசை நின்றது. முதலில் தகப்பன். கோலைப் பிடித்தபடி குனிந்தார். மகன் கையை உயர்த்தவில்லை. இடுப்புக்கு நேராக நீட்டியபடி அடுத்து யார் என்று பார்த்தான்.

நான் வரிசையை விட்டு விலகி வந்து கடையைத் திறந்தேன். கூவின வாய் நாள்பூராவும் கசந்தது.