முதலில் மிரண்டது யார்?

1

இந்தக் கதை ஒரு சந்தேகத்திலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். சும்பா தீவில் எங்கள் பக்கத்து வீட்டில் வுலாங் என்று மூன்று வயதுக் குதிரை ஒன்று இருந்தது. கட்டிப்போட்டால் சாது. நடத்திக்கொண்டு போனாலும் சாது. ஆனால் கயிற்றைப் பிடித்திருப்பவரை அவர் மனைவி அடுப்படியிலிருந்து ஒரு குரல் கூப்பிட்டால் போதும், எகிறிவிடும். ஏன்? பத்து நாளாக அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

அவர் பெயர்... (முதல் சிக்கல் இங்கேயே வந்துவிட்டது.) இந்த ஊரில் பெரிய வீட்டு ஆண்களைச் சொந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். அவர் குதிரையின் பெயரைச் சொல்லி, அதனுடைய உம்பு, அதாவது ஐயா, என்பார்கள். (இரண்டுக்கும் நடுவில் வரும் அவர்களுடைய சின்னச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'நாய்' என்று ஆகிறது. குதிரைக் கதையில் எதற்கு வம்பு என்று விட்டுவிட்டேன்.) ஆக, இவர் வுலாங் உம்பு.

2

நான் எழுதிய முதல் வாக்கியம்: 'வுலாங் காலையிலிருந்தே பதற்றமாக...'

[நிறுத்தினேன். இருந்ததா, இருந்தாரா? இரண்டும் உண்மை.]

உம்புவின் பதற்றத்துக்குக் காரணம் உண்டு. இன்னும் இரண்டு நாளில் அவர் மகன் தொமுவுக்குக் கல்யாணம். இங்கே பெண் வீட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் சீராகக் குதிரை தரவேண்டும். பெண் வீட்டார் வுலாங்கைப் பெயர் சொல்லிக் கேட்டிருந்தார்கள்; மாற்றி வேறொன்றைத் தர முடியாது. முன்பு ஒரு தடவை பெண்ணின் தாய்மாமன் ரெத்தாங் பார்க்க வந்தபோது, அவர் கண்ணெதிரிலேயே அது கயிற்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. "கல்யாணத்தன்னிக்கும் இப்படி ஓடுச்சுன்னா, குதிரையும் வேணாம், கல்யாணமும் வேணாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

3

"வுலாங் உம்பு! உலை கொதிக்குது, அரிசி எங்க?" உம்புவின் மனைவி ராம்பு ஹமுவின் குரல். குதிரை எகிறியது.

"பாத்தியா? நீ என்னைத் திட்டுறப்பெல்லாம் அதும் பேருதான் அடிபடுது. தன்னையத்தான் திட்டுறாங்கன்னு நெனைக்குது."

"அரிசி கேட்டா திட்டுறதா? குதிரையா போய் வாங்கிட்டு வரும்?"

எனக்கு அந்த விளக்கம் மிகவும் பிடித்துப்போனது. கதைக்கென்றே செய்தது போல இருந்தது. முக்கால் பக்கம் எழுதியும் விட்டேன். ராம்பு ஹமு 'தொமு அப்பா' என்று மாற்றிக் கூப்பிட்டுப் பார்த்தார். குதிரை அப்போதும் எகிறியது. [முக்கால் பக்கம் போயிற்று.]

பிறகு ஒன்று செய்தோம். குதிரையைக் கம்பத்தில் கட்டினோம். உம்பு முப்பது அடி தள்ளி நின்றார். ராம்பு ஹமு மனம் நிறையக் கத்தினார்: "வுலாங் உம்பு! சோம்பேறி உம்பு! கல்யாணத்த வச்சுக்கிட்டுத் தூங்குற உம்பு!"

குதிரை புல்லை மென்றுகொண்டிருந்தது. உம்புவுக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது.

"யாரு மிரண்டதுன்னு எழுதிக்கோங்க" என்றார் ராம்பு ஹமு என்னிடம்.

4

எழுதினேன். என் பிரதியில் இப்படி இருந்தது: 'வுலாங் மிரண்டது. உம்பு கயிற்றை இறுக்கினார்.' ஒரு சொல்லும் தப்பில்லை, வரிசைதான் தப்பு. திருத்தினேன்: 'உம்பு மிரண்டார். கயிறு இறுகியது. வுலாங் மிரண்டது.'

இது எப்படி வேலை செய்கிறது என்று சொல்லியே ஆகவேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். திடுக்கிடும்போது மனிதன் மூச்சைப் பிடிக்கிறான். தோள் ஏறுகிறது, முழங்கை விறைக்கிறது, விரல்கள் மூடுகின்றன. அந்த ஓர் அங்குல இழுப்பு கயிறு வழியாகக் குதிரையின் தாடைக்குப் போய்ச் சேர்கிறது. இவர் எதையோ பார்த்துப் பயந்துவிட்டார் என்பதுதான் அதற்குப் புரிகிற செய்தி. அது எகிறுகிறது. இவர் இன்னும் இழுக்கிறார். குதிரைக்குச் சந்தேகம் தீர்ந்துவிடுகிறது.

அன்று மாலை முழுவதும் பயிற்சி நடந்தது: ராம்பு ஹமு கூப்பிடுவார், கயிற்றோடு நிற்கும் உம்பு மிரளாமல் இருக்கவேண்டும்.

"விடாம கூப்பிடணுமா?"

"ஆமா, கூப்பிடு."

"இருபத்தேழு வருஷமா அதத்தானே செய்யறேன்."

ஐந்தாறு முறை நன்றாகப் போனது. திடீரென்று மறுபடி எகிறியது.

"இப்ப எங்க போனீங்க?" என்றார் ராம்பு ஹமு.

"கல்யாணத்துக்கு" என்றார் உம்பு. "கூட்டத்துல ரெத்தாங் நின்னு மொறைக்கிறாப்ல இருந்துச்சு."

"நான் இன்னைக்குல்ல கூப்பிட்டேன்? இங்க வாங்க."

5

முடிவுகள் என்னிடம் இரண்டு உண்டு. ஒன்றில் குதிரை ஓடுகிறது, கல்யாணம் நிற்கிறது. (இதை வாசித்துக் காட்டியதிலிருந்து ராம்பு ஹமு வீட்டில் எனக்குக் காப்பி கிடையாது.) இன்னொன்றில் குதிரை சிலை மாதிரி நிற்கிறது, ரெத்தாங் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். (இதற்கு உம்புவே சிரித்துவிட்டார்.) வேண்டியதை வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுதப்போவது கயிறு கைமாறிய இடம் வரைக்கும்தான்.

கோங்குகள், அதாவது பெரிய வெண்கலத் தட்டுகள், முழங்கத் தொடங்கியிருந்தன. கூட்டத்துக்கு நடுவே உம்பு கயிற்றை நீட்டினார். ரெத்தாங் அதை இறுக்கிப் பிடித்தார். குதிரையின் காதுகள் பின்னால் மடிந்தன.

"என்ன மந்திரம் போட்டு நிறுத்தி வச்சிருந்தீங்க? சொல்லுங்க சம்பந்தி, சீக்கிரம்!"

"மந்திரமெல்லாம் இல்ல சம்பந்தி. எந்தச் சத்தம் கேட்டாலும் மொதல்ல மூச்ச வெளிய விடுங்க. அப்புறம் வெரலத் தளர்த்துங்க. அதுக்கப்புறம் என்ன சத்தம்னு திரும்பிப் பாருங்க."