துணைக்குப் போனவன்

தொண்ணூற்றேழாம் ஆண்டுத் தொடக்கத்தில் எனக்கிருந்த ஒரே பெரிய வருத்தம், தியேட்டரில் படம் பார்த்து ஏழு வருடமாகியிருந்ததுதான். அதற்கு மருந்து வவுனியாவில் இருந்தது. நாங்களோ முல்லைத்தீவிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் கொட்டில் போட்டிருந்தோம். வன்னியை விட்டு வெளியே போக இயக்கத்தின் பாஸ் வேண்டும். என்னைப் போன்ற இளந்தாரிக்கு அது இலேசில் கிடைக்காது. நோயாளிக்குத் துணையாகப் போனால் கிடைக்கும். ஆகவே அம்மாவை நோயாளியாக்கினேன்.

பாஸ் கந்தோரில் அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். வியர்வைகூட வந்தது.

"நல்லா நடிச்சனியணை," என்றேன், வெளியே வந்ததும்.

"நடிக்கேல்லையடா ஸ்ரனிஸ்லஸ். உண்மையாவே குத்துது."

"அப்பிடியே சொல்லு. தாண்டிக்குளத்திலை ஆமிக்காரனும் கேப்பான்."

வவுனியாவில் இறங்கியதும் அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"வந்தது வந்திட்டம், ஆசுப்பத்திரியிலை ஒருக்காக் காட்டுவமே?"

வரிசை வாசல்வரை நின்றது. படம் இரண்டரைக்கு.

"கியூவைப் பாத்தியே? அதிலை நிண்டாத்தான் வருத்தம் வரும். நாளைக்குக் காட்டுவம்."

நாளைக்கு வேறு படம் போட்டிருந்தார்கள்.

தியேட்டரில் அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு அழுதார். கதாநாயகிக்காக என்று நினைத்தேன். சிரித்தேன்கூட.

வைகாசியில் சண்டை தொடங்கிப் பாதை பூட்டுப்பட்டது. ஐப்பசியில் அம்மாவுக்குக் கஞ்சியும் இறங்கவில்லை. சைக்கிள் கரியரில் ஏற்றி மல்லாவி ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டொக்டர் வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு என்னைத் தள்ளிக் கூப்பிட்டார். கொட்டிலளவு அறையில் எவ்வளவு தூரம் தள்ளிப் போவது?

"கான்சர் மாதிரிக் கிடக்கு தம்பி. சோதிச்சுப் பாக்க இஞ்சை ஒண்டுமில்லை. கொழும்புக்கு அனுப்பக் கேக்கலாம், ஆனா பிந்திப்போச்சு. எட்டொன்பது மாசத்துக்கு முன்னம் எண்டால் வெட்டி எடுத்திருக்கலாம். முந்தி ஒரு இடமும் காட்டேல்லையே?"

நான் வாயைத் திறந்தேன். அம்மா கட்டிலில் கிடந்தபடி முந்திக்கொண்டார்.

"காட்டினது ஐயா. மகன் வவுனியாவுக்குக் கொண்டுபோனவன். வாயு எண்டு ஒரு டொக்டர் சொன்னவர்."

டொக்டர் என் தோளில் தட்டிவிட்டுப் போனார்.

"ஏனணை பொய் சொன்னனி?"

"பின்னை, நீ பேச்சு வாங்குறதைப் பாத்துக்கொண்டு கிடக்கிறதே?"

மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு கிழமை இருக்க அம்மா போய்விட்டார். அடக்கம் முடிந்து சேமக்காலையில் பக்கத்துக் கொட்டில் சிவராசா அண்ணை என் கையைப் பிடித்தார்.

"ஒண்டுக்கும் யோசியாதை. இந்த நிலைமையிலையும் தாயை வவுனியாவரைக்கும் கொண்டுபோய்க் காட்டினனி. ஆர் செய்வினம்?"

எதற்கும் சிரிக்க ஒரு பகிடி வைத்திருக்கிறவன் நான். "ஓம் அண்ணை," என்றேன்.

அடுத்த ஆள் வந்து விசாரித்தபோது, வாயு என்று டொக்டர் சொன்ன கதையை நானே எடுத்துச் சொன்னேன்.