இடப்பக்கம் முறுக்கிய கம்பி

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், வியாழக்கிழமை. வானில் மேகம் இல்லை; இளங்காற்று வீசியது. போர்முனையில் காட்டிய வீரத்திற்காக எனக்குப் பதக்கம் அணிவிக்கும் விழா முற்பகல் பதினொரு மணிக்குக் குறிக்கப்பட்டிருந்தது.

நான் படையில் தொலைபேசிக் கம்பி இழுப்பவனாகப் பணியாற்றினேன். ஈராண்டுகளுக்கு முன் ஒரு காலையில், குண்டு வீச்சுக்கு நடுவே, அறுந்த கம்பியைக் கையால் பற்றியவாறே தவழ்ந்து சென்று அதை மூன்று இடங்களில் இணைத்தேன் என்பது அறிக்கை. எனக்கு இரண்டு இடங்களே நினைவிருந்தன. அந்த அமளியில் நான்தான் கணக்கைத் தவறவிட்டிருப்பேன் என்று வாளாவிருந்தேன்.

அரங்கின் வாயிலில் அக்கம்பியைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள். என் தங்கையும் அவள் கணவரும் என்னுடன் குனிந்து பார்த்தனர். மாப்பிள்ளையும் எங்கள் பிரிவைச் சேர்ந்தவரே. அன்று கம்பியின் மறுமுனையிலிருந்து புறப்பட்டவர், வேலை தொடங்குமுன்னரே தொடையில் காயம்பட்டு விழுந்தார் என்று எல்லோரும் எண்ணியிருந்தோம்.

கம்பி இணைப்பவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கைப்பழக்கம் உண்டு. நான் வலப்பக்கமாக முறுக்குவேன். முதல் இரண்டு இணைப்புகள் அவ்வாறே இருந்தன. மூன்றாவது இடப்பக்கம் முறுக்கியிருந்தது. எங்கள் பிரிவில் இடக்கைக்காரர் ஒருவரே.

"மாப்ளே, இது உங்க கை வேல."

"அதெல்லாம் இல்ல மச்சான். கம்பி தானா திரும்பியிருக்கும்."

தங்கை சிரித்தாள். "தானா திரும்புமாம். வீட்ல கொடிக்கயிறு கட்டினாலும் இதே லட்சணந்தாண்ணே. அவுக்கறதுக்குள்ள நகம் பேந்துடும்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "விழுந்த இடத்துலதான் அறுந்து கெடந்துச்சு. படுத்துக்கிட்டே முறுக்குனேன். அத ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியணுமா? பேசாம போய் வாங்கிக்கங்க."

சொன்னால் பதக்கம் நின்றுபோகலாம். சொல்லாவிடில் அவருடைய துணிவையும் என் சட்டையில் குத்திக்கொண்டவன் ஆவேன்.

அறிக்கையை வாசிக்கவிருந்த அதிகாரியை அழைத்துவந்து காட்டினேன். அவரும் ஒரு காலத்தில் கம்பி இழுத்தவர். மூடியைத் திறந்து, மூன்று முறுக்குகளையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார்.

"இத்தன நாளா ஒருத்தர் கண்ணுலயும் படலியே," என்றவாறு பேனாவை எடுத்தார். "உன் பதக்கம் உனக்குத்தான். அவருக்கு இன்னிக்கே சிபாரிசு எழுதறேன். மேடைக்கு ரெண்டு பேரும் வாங்க."

மாப்பிள்ளை தயங்கினார். தங்கை அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினாள். 'இருவர்' என்று மையால் திருத்திய அறிக்கை வாசிக்கப்பட்டது. பதக்கம் என் சட்டையில் ஏறியது.

"இப்பத் திருப்தியா?" என்று அவர் முணுமுணுத்தார்.

"நெஞ்ச நிமித்தி நில்லுங்க மாப்ளே. அடுத்து உங்களுக்குக் குத்தணும்ல."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்ந்தார். கைதட்டல் ஓய்ந்து விழா நிறைவுற்றபோது மணி பதினொன்று நாற்பத்திரண்டு.