நடுவில் ஒரு கம்பி

"யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் பேனா மூடியால் மேசையைத் தட்டினார். பூங்கா நண்பர்கள் குழுவில் கை தூக்கும் வழக்கம் இல்லை. மூடி மூன்று முறை தட்டுவதற்குள் யாரும் வாய் திறக்காவிட்டால் தீர்மானம் நிறைவேறியது என்று அர்த்தம்.

பெஞ்சுகளின் நடுவே இரும்புக் கம்பி வளைத்துப் பொருத்துவதுதான் தீர்மானம். உட்காரலாம், படுக்க முடியாது.

"குளத்தோர பெஞ்சுல ஒருத்தன் காலை நீட்டிப் படுத்துக் கெடக்கான். இருட்டா இருந்தப்போ யாருக்குத் தெரிஞ்சுது? டெய்லரம்மா புண்ணியத்துல லைட்டு வந்துச்சு, இப்போ ஆளு பளிச்சுனு தெரியுறான்" என்றார் மருந்துக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தார்கள். டெய்லரம்மாவும் சிரித்துவைத்தாள்.

படுத்துக் கிடந்தவன் அவளுடைய தம்பி. குடியும் சண்டையுமாக வேலை, பெண்டாட்டி எல்லாம் கைவிட்டுப் போய், கடைசியில் அக்கா வீட்டு வாசலுக்கு வந்தவன். "அவன் உள்ள வந்தா நான் வெளிய" என்று அவள் கணவர் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். தையல் மிஷினை விட்டு நகராதவள் சம்பளமில்லாத இந்தக் குழுவில் சேர்ந்தது எதற்காக? பூங்காவுக்குப் போக வீட்டில் சொல்ல ஒரு காரணம் வேண்டுமே. போகும்போதெல்லாம் பையில் ஒரு சாப்பாட்டு டப்பா இருக்கும். ஒருநாள் இருட்டில் யாரோ அடித்துப் போட்டு அவன் கண் வீங்கிக் கிடந்தது. அதன் பிறகுதான், நடக்க வரும் பெண்கள் பயப்படுகிறார்கள் என்று குழுவில் பொய் சொல்லி அந்த விளக்கைப் போட வைத்தாள்.

முதல் தட்டு. 'என் கூடப் பிறந்தவன்' என்று சொன்னால் போதும். இரண்டாவது தட்டு. 'அப்போ வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக வேண்டியதுதானே' என்பார்கள்.

மூன்றாவது தட்டும் விழுந்தது.

கம்பி வைத்த மறுநாள் காலை அவள் டப்பாவோடு போனாள். ராத்திரி பெய்த மழையில் புல்லெல்லாம் சொதசொதவென்று கிடந்தது. தம்பி பெஞ்சின் ஒரு பாதியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தூங்காத கண்கள்.

"வாக்கா. இப்போ உனக்குன்னு தனியா எடம் ஒதுக்கிட்டாங்க பாரு, உக்காரு."

அவள் மறுபாதியில் உட்கார்ந்தாள். புதுப் பெயின்ட் வாசனை அடித்தது.

"யாருக்கா இதுக்கெல்லாம் யோசனை சொல்றது?"

அவள் டப்பாவை அவன் பக்கம் வைத்து மூடியைத் திறக்கப் பார்த்தாள். இறுகிக்கொண்டு வரவில்லை. அதற்குள் நடைபாதை வளைவில் தலைவரின் குரல் கேட்டது. மருந்துக்கடைக்காரரும் கூட வந்தார். அவள் உடம்பு விறைத்ததைத் தம்பி பார்த்துவிட்டான். டப்பாவைக் கம்பிக்கு அந்தப் பக்கம், அவள் மடியோரம் மெல்லத் தள்ளினான்.

"மணி என்னங்கம்மா ஆச்சு?" என்று உரக்கக் கேட்டான், யாரோ எவரோ போல.

அவள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தாள். கடிகாரம் கட்டிக்கொண்டு வரவில்லை. தலைக்கு மேல் அந்த விளக்கு, யாரும் அணைக்காமல், வெயிலில் எரிந்துகொண்டிருந்தது.